வளையக் கற்ற குழாய்

வைத்திய சாஸ்திர வரலாறு: பதினான்காம் அத்தியாயம்

1822-ஆம் ஆண்டு மக்கினாத் தீவில் துப்பாக்கி வெடித்து வயிற்றில் துளை விழுந்த அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற வாலிபனையும், அந்தத் துளை மூடாமலே நின்றுவிட்டதைக் கொண்டு, உண்ட உணவு இரைப்பையில் ஜீரணமாகும் விதத்தைப் பல வருஷங்கள் கண்ணாரக் கண்டு எழுதிவைத்த வில்லியம் போமாண்ட் என்ற ராணுவ வைத்தியரையும் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அது விபத்து திறந்துவிட்ட ஜன்னல். வயிற்று நோயால் வருந்துகிற மற்ற கோடானுகோடி ஜனங்களுக்கு அத்தகைய ஜன்னல் இல்லை. அவர்கள் வயிற்றுக்குள் பார்க்க வேண்டுமானால், இயற்கை வைத்திருக்கும் வாசல் வழியாகத்தான் பார்த்தாக வேண்டும். அந்த வாசல் வாய்.

வாசல் இருக்கிறது, வழியும் இருக்கிறது. ஆனால் அது நேர்வழியன்று. வாயிலிருந்து தொண்டைக்குள் இறங்கும் இடத்தில் ஏறக்குறையச் செங்கோணமாக ஒரு திருப்பம். அதன் பிறகு மூச்சுக்குழலுக்குப் பின்புறமாக ஒரு சாணுக்குச் சற்று மேற்பட்ட நீளத்துக்கு அன்னக்குழல் இறங்கி, உதரவிதானத்தைக் கடந்து இடப்பக்கம் சாய்ந்து, முன்பற்களிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் இரைப்பையோடு சேருகிறது. இரைப்பையோ கொக்கியைப்போல வளைந்து, வலப்புறம் திரும்பி, முன்சிறுகுடலின் வாயிலில் போய் முடிகிறது. வழி முழுவதும் காரிருள். ஆகையால் உள்ளே பார்க்க ஆசைப்பட்ட வைத்தியனுக்கு இரண்டு காரியங்கள் கைகூட வேண்டியிருந்தன: வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோக வேண்டும், அந்த வெளிச்சத்தில் தெரிந்ததை, வளைவுகளையெல்லாம் கடந்து, வெளியே தன் கண்ணுக்குக் கொண்டுவர வேண்டும். ஒளி நேராகச் செல்வது, உடல் வளைந்திருப்பது. இந்த இரண்டுக்கும் இடையே 1868 முதல் 1957 வரை நடந்த போராட்டத்தில், முதல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வைத்தியர்கள் குழாய்க்கு ஏற்றபடி மனிதனை நிமிர்த்தப் பார்த்தார்கள் என்பதும், மனிதனுக்கு ஏற்றபடி குழாயை வளைக்க வேண்டும் என்ற ஞானம் பிறகுதான் உதித்தது என்பதும் இந்த அத்தியாயத்தின் சாரம்.

இவ்வளவு சிரமப்பட்டுப் பார்க்க வேண்டிய அவசியம் என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். நெஞ்செரிச்சல், பசியோடு வரும் வலி, உண்டதும் வரும் வலி, காரணமில்லாத வாந்தி, இரத்த வாந்தி, உணவு நெஞ்சில் அடைத்துக்கொள்ளுதல் ஆகிய அடையாளங்களில் ஒன்றேனும் ஒரே ஒரு வியாதிக்கு உரியதன்று. புண்ணும் புற்றும் ஆரம்பத்தில் ஒரே மாதிரி பேசும். நாடியைப் பிடித்தும், வயிற்றை அழுத்தியும், வாந்தியின் நிறத்தைக் கண்டும் வைத்தியர்கள் ஊகித்தார்கள். ஊகம் சரியா தவறா என்பது பெரும்பாலும் நோயாளி இறந்த பின்பு, சவப் பரிசோதனையிலேதான் தெரிந்தது. இரைப்பை விஷயத்தில் அந்தக் கடைசிச் சாட்சியையும் நம்ப இயலவில்லை. உயிர் பிரிந்த சில மணி நேரத்துக்குள் இரைப்பையின் உள்தோலை அதன் சொந்த ஜீரண நீரே அரித்துச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. அதனால், சவத்தில் காணப்பட்ட சிதைவு வியாதியால் நேர்ந்ததா, சாவுக்குப் பின் நேர்ந்ததா என்று சொல்ல முடியாமல் பண்டிதர்கள் திகைத்தார்கள். உயிரோடிருக்கும் இரைப்பையை உயிரோடு இருக்கும்போதே பார்த்தாலொழிய இந்தச் சந்தேகம் தீராது என்ற நிலை ஏற்பட்டது.

முதல் அடி எடுத்துவைத்தவர் ஜெர்மனியில் ஃபிரைபர்க் நகரத்துப் பேராசிரியர் அடால்ஃப் குஸ்மால். நம் ஊர்த் திருவிழாக்களில் தலையை அண்ணாந்து நீண்ட வாளைத் தொண்டைக்குள் இறக்கிக் காட்டும் வித்தைக்காரர்களைப் பலரும் பார்த்திருப்போம்; வியந்திருப்போம்; காசு போட்டுவிட்டு நகர்ந்திருப்போம். 1868-ஆம் ஆண்டில் குஸ்மால் அத்தகைய வித்தைக்காரர் ஒருவரையே தம் பரிசோதனைக்கு அழைத்துக்கொண்டார். தலையைப் பின்னுக்குச் சாய்த்துக் கழுத்தை நீட்டினால், வாயும் தொண்டையும் அன்னக்குழலும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் என்பதை அந்த மனிதருடைய தொழிலே அவருக்குக் காட்டியது. 47 சென்டிமீட்டர் நீளமும் 13 மில்லிமீட்டர் குறுக்களவும் கொண்ட உலோகக் குழாய் ஒன்றை அந்த வித்தைக்காரர் விழுங்கினார். பாரிஸ் நகரத்து தெசோர்மோ என்ற வைத்தியர் சிறுநீர்ப் பையைப் பார்ப்பதற்கென்று அமைத்திருந்த, சாராயமும் டர்பன்டைனும் கலந்து எரியும் விளக்கின் ஒளியைக் கண்ணாடியால் திருப்பிக் குழாய்க்குள் செலுத்தினார்கள். குழாய் போயிற்று, ஒளி போதவில்லை. அத்தனை நீளத்தைக் கடந்து இறங்கிய வெளிச்சம் மங்கித் தேய்ந்து, இரைப்பையில் தேங்கியிருந்த நீரில் கரைந்துபோயிற்று. குஸ்மால் அந்த முயற்சியைக் கைவிட்டார். ஆனால் இரைப்பைக்குள் நேரான குழாய் ஒன்று போகும் என்பது நிரூபணமாகிவிட்டது. அதைத் தன் சரீரத்தில் நிரூபித்துத் தந்த வித்தைக்காரருக்கு வைத்திய உலகம் பட்டிருக்கும் கடன் சிறியதன்று.

விளக்கை வெளியே வைத்து ஒளியை உள்ளே அனுப்புவதைக் காட்டிலும், விளக்கையே உள்ளே அனுப்பிவிட்டால் என்ன என்ற யோசனை அடுத்துப் பிறந்தது. பில்ரோத் என்ற மகா சஸ்திர வைத்தியர் வியன்னா நகரில் புற்றுநோய் கண்ட இரைப்பையின் பகுதியை வெற்றிகரமாக அறுத்தெடுத்த அதே 1881-ஆம் ஆண்டில், அவருடைய உதவியாளரான யோஹான் மிக்குலிச், லைட்டர் என்ற கருவித் தொழிலாளரோடு சேர்ந்து 65 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய் ஒன்றைச் செய்வித்தார். அதன் நுனியில் மின்சாரத்தால் பழுக்கக் காயும் பிளாட்டினக் கம்பி விளக்கு. அதன் சூடு நோயாளியைச் சுட்டுவிடாதபடி இடைவிடாமல் ஓடும் குளிர்ந்த நீர். சுருங்கிக் கிடக்கும் இரைப்பையை விரிப்பதற்குக் காற்றுச் செலுத்தும் வழி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, குழாயின் கீழ்ப்பகுதியில் 30 பாகை அளவுக்கு ஒரு வளைவை அவர் அமைத்தார். உடலின் வளைவுக்குக் கருவி கொடுத்த முதல் மரியாதை அதுதான். இரைப்பையின் கடைவாயில் ஆரோக்கியமான மனிதனிடத்தில் திறந்து மூடி அசைவதையும், புற்றுநோய் பற்றிய இடத்தில் அந்த அசைவு அடங்கிக் கிடப்பதையும் மிக்குலிச் கண்டார். உயிருள்ள இரைப்பையில் மட்டுமே காணக்கூடிய நோயடையாளம் ஒன்று அப்படித்தான் முதன்முதலில் மனிதக் கண்ணில் பட்டது.

எடிசன் விளக்கு வந்து, அது கடுகளவு பல்பாகச் சிறுத்தபோது வெளிச்சத்தின் கஷ்டம் குறைந்தது. குழாயின் கஷ்டம் குறையவில்லை. விறைத்த உலோகத்தை வளைந்த பாதையில் செலுத்துகையில், கை சற்றே பிசகினாலும் அன்னக்குழலின் மெல்லிய சுவர் கிழியும். அக்காலத்தில் அப்படிக் கிழிந்தால் பெரும்பாலும் மரணமே. இதற்கிடையே 1895-இல் ரோன்ட்கென் எக்ஸ்-கதிரைக் கண்டுபிடித்த பிறகு, நோயாளிக்குப் பேரியம் கலவையைக் குடிக்கக் கொடுத்து, திரையில் விழும் நிழலைக் கொண்டு புண்ணையும் கட்டியையும் அறியும் முறை பரவியது. அதில் வலியில்லை, ஆபத்தில்லை. ஆகவே உயிரைப் பணயம் வைத்துக் குழாய் விழுங்குவானேன் என்று அநேக வைத்தியர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் நிழலுக்கு வடிவம் உண்டே தவிர நிறமில்லை. சிவந்து வீங்கிய தோலும், வெளுத்து மெலிந்த தோலும், இரத்தம் கசியும் நுண்ணிய கீறலும் நிழலில் ஒன்றுதான்.

இந்த வித்தியாசத்தை உணர்ந்து, தம் ஆயுளையே அதற்கு அர்ப்பணம் செய்தவர் ருடால்ஃப் ஷிண்ட்லர். 1888-இல் பெர்லினில் பிறந்த அவர், முதல் உலக யுத்தத்தில் ராணுவ வைத்தியராகப் பணிபுரிந்தபோது, வயிற்று உபத்திரவத்தால் வாடிய சிப்பாய்களைக் கண்டு, அவர்களுடைய இரைப்பைத் தோலில் மெய்யாகவே ஒரு கோளாறு இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். யுத்தத்துக்குப் பிறகு மூனிக் நகரத்தில் விறைத்த குழாயைக் கொண்டே மிகுந்த நிதானத்தோடு பரிசோதனைகள் செய்து, கண்ட காட்சிகளை வர்ணச் சித்திரங்களாக்கி, 1923-இல் ஒரு பெருநூலாக வெளியிட்டார். ஆயினும் எவ்வளவு நிதானமான கையிலும் விறைத்த குழாய் விறைத்த குழாய்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சிறிய குவியத் தூரமுள்ள லென்ஸுகளை ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி அடுக்கினால், அந்த வரிசை சற்று வளைந்தாலும் பிம்பம் சிதையாமல் வந்து சேரும் என்ற ஒளியியல் உண்மையை ஆதாரமாகக் கொண்டு, கியோர்க் வுல்ஃப் என்ற கருவி நிபுணரோடு வருஷக்கணக்கில் உழைத்து, 1932-இல் அவர் ஒரு புதிய கருவியை உலகுக்கு அளித்தார். மேற்பாதி விறைப்பான உலோகம். கீழ்ப்பாதி ரப்பர் போர்த்த உலோகச் சுருள். உள்ளே நாற்பதுக்கும் மேற்பட்ட லென்ஸுகள். அந்தக் கீழ்ப்பாதி 30 பாகைக்குச் சற்று அதிகமாக வளைந்தது. இந்த அரைகுறையான வளைவே இரைப்பை பரிசோதனையை மரணபயத்திலிருந்து பெருமளவு விடுவித்தது.

அந்தக் காலத்துப் பரிசோதனை அறைக்குள் சற்று நுழைந்து பார்ப்போம். நோயாளி அதிகாலையிலிருந்து எதுவும் உண்ணாமல் வந்திருக்கிறார். முதலில் மெல்லிய ரப்பர்க் குழாயினால் இரைப்பையில் எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தடவுகிறார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்த பின், அவருடைய தலையை ஒருவர் இரு கைகளாலும் தாங்கிக்கொள்கிறார். இது அலட்சியமான ஏவல் வேலையன்று; குழாய் இறங்கும் ஒவ்வொரு கணத்திலும் கழுத்தை எவ்வளவு நீட்டுவது, எவ்வளவு தளர்த்துவது என்பதை உணர்ந்து நடக்க வேண்டிய பொறுப்பு. ஷிண்ட்லரிடத்தில் இந்தப் பொறுப்பை ஏற்று நின்றவர் அவருடைய மனைவி காப்ரியேல். நோயாளியால் பேச முடியாது. பயத்தைக் கண்களால்தான் சொல்ல முடியும். குழாய் இறங்குகிறது; காற்றுப் புகுகிறது; விளக்கு எரிகிறது; வைத்தியர் குனிந்து கண்ணை வைக்கிறார். ஈரப் பளபளப்போடு ஆரஞ்சு கலந்த செம்மை நிறத்தில் விரியும் சுவர். அதில் ஆற்று மணலில் அலை விட்டுப்போன வரிகளைப்போல மடிப்புகள். தூரத்தில் மெல்லத் திறந்து மூடும் கடைவாயில். புண் இருந்தால், சிவந்த கரைக்கு நடுவே வெண்மையான குழி. சில நிமிஷங்களுக்குள் குழாயைச் சுற்றித் திருப்பி எல்லாவற்றையும் பார்த்து, நினைவில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வாறு பார்த்துப் பார்த்துத்தான் இரைப்பை அழற்சி என்பது வெறும் ஊகமன்று, கண்ணால் காணும் வியாதி என்பதை ஷிண்ட்லர் நிலைநாட்டினார். மேலோட்டமான அழற்சி, தோல் மெலிந்து தேய்ந்த அழற்சி, தடித்துப் புடைத்த அழற்சி என்று அவர் செய்த பிரிவினை நெடுங்காலம் வைத்தியர்களுக்கு வழிகாட்டியாக இருந்தது. ஆனால் ஜெர்மனி அவரை வைத்துக்கொள்ளவில்லை. யூத வம்சத்துத் தொடர்பு உடையவர் என்ற காரணத்துக்காக நாஜி ஆட்சி அவரைச் சிறையில் அடைத்தது. அமெரிக்க வைத்தியர்கள் சிலருடைய முயற்சியால் விடுதலை பெற்று, 1934-இல் சிகாகோ சர்வகலாசாலைக்கு வந்து சேர்ந்தார். 1941-இல் அவர் அங்கே இரைப்பை நோக்குவோருக்கென ஒரு சங்கம் அமைத்தார். ஒரு தேசம் துரத்திய வித்தை மற்றொரு தேசத்தில் வேரூன்றியது.

எனினும் ஷிண்ட்லருடைய கருவியும் பாதி மனிதனுக்கும் பாதி உலோகத்துக்கும் உரியதாகவே இருந்தது. இரைப்பையின் சில மூலைகள் அதற்கு எட்டவில்லை. முன்சிறுகுடலோ அறவே எட்டவில்லை. லென்ஸுகளை எத்தனை அடுக்கினாலும் வளைவுக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியே வளைய வேண்டும். அது சாத்தியமா?

சாத்தியம் என்பதை அதே மூனிக் நகரில், 1930-ஆம் ஆண்டிலேயே, ஹைன்ரிக் லாம் என்ற வைத்திய மாணவர் காட்டியிருந்தார். கண்ணாடி இழையின் ஒரு முனையில் புகும் ஒளி, அதன் சுவரில் பட்டுப் பட்டு உள்ளேயே பிரதிபலித்து, இழை எப்படி வளைந்தாலும் அதனோடு சென்று மறுமுனையில் வெளிப்படும். ஓர் இழை ஒரு புள்ளி வெளிச்சத்தையே கொண்டுவரும். ஆயிரக்கணக்கான இழைகளைக் கட்டாகச் சேர்த்தால் ஆயிரக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து ஒரு பிம்பம் ஆகும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தறியில் பாவு நூல்கள் ஒரு கோடியில் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில் மறுகோடியிலும் நிற்பதைப்போல, இழைகள் இரு முனைகளிலும் வரிசை பிசகாமல் இருக்க வேண்டும். ஒன்று இடம் மாறினாலும் அந்தப் புள்ளி பிம்பத்தில் தவறான இடத்தில் விழும். லாம் இழைகளைச் சீவி ஒழுங்குபடுத்திக் கட்டி, மின்விளக்குக் கம்பியின் வடிவத்தை அதன் வழியே மறுமுனையில் விழச் செய்தார். பிம்பம் மங்கலாகத்தான் இருந்தது. அவரும் யூதர், அவரும் தேசத்தை விட்டுப் போக நேர்ந்தது, அந்த யோசனை இருபது வருஷங்களுக்கு மேல் உறங்கிற்று.

அதை எழுப்பியவர்களுள் ஒருவர் நம் தேசத்தவர் என்பதைப் பெருமையோடு குறிக்க வேண்டும். பஞ்சாப் மாகாணத்து மோகா என்ற ஊரில் பிறந்து, ஆக்ராவில் படித்து, லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்ற நரிந்தர் சிங் கபானி என்ற இளைஞரே அவர். அவருடைய ஆசிரியர் ஹாரல்ட் ஹாப்கின்ஸ், இரைப்பை பரிசோதனை செய்யும் வைத்தியர் ஒருவர் விறைத்த கருவிகளால் நோயாளிகள் படும் அவஸ்தையைச் சொல்லக் கேட்டு, இழைகளைப் பற்றிச் சிந்திக்கத் தொடங்கியவர். பல்லாயிரம் இழைகளை ஒழுங்காகக் கட்டி, தெளிவான பிம்பத்தை வளைவின் வழியே கடத்தியதை ஆசிரியரும் மாணவரும் 1954 ஜனவரி 2 தேதியிட்ட 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். அதே இதழில் ஹாலந்து தேசத்து வான் ஹீல் என்பவரும் இழைகளைப் பற்றி எழுதினார். இழையோடு இழை உரசும் இடத்தில் ஒளி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கசிந்துவிடுகிறது. ஆகையால் ஒவ்வோர் இழைக்கும் தனியே ஒரு போர்வை வேண்டும் என்ற முக்கியமான உண்மை அவருடைய குறிப்பில் இருந்தது.

அந்த இதழைப் படித்து விழித்துக்கொண்டவர் பேசில் ஹிர்ஷோவிட்ஸ். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, அப்போது அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையில் வயிற்று வியாதிகளைப் பயின்றுகொண்டிருந்த அவர், லண்டனுக்குப் போய் அந்த இழைக் கட்டை நேரில் பார்த்துவிட்டுத் திரும்பினார். பௌதிகப் பேராசிரியர் வில்பர் பீட்டர்ஸும், இன்னும் பட்டம் பெறாத லாரி கர்ட்டிஸ் என்ற மாணவரும் அவரோடு சேர்ந்தார்கள். உருகிய கண்ணாடியிலிருந்து தலைமயிரினும் நுண்ணிய இழையை இழுத்து, ஓட்ஸ் விற்கும் வட்டமான அட்டை டப்பாவைச் சுழலவிட்டு அதில் சுற்றினார்கள். சாதனங்கள் அவ்வளவு எளிமையானவை. இழைமீது பூசிய மெழுகும் பிளாஸ்டிக்கும் பலன் தரவில்லை. போர்வையையும் கண்ணாடியாலேயே செய்தால் என்ன என்பது கர்ட்டிஸின் எண்ணம்: ஒளியை அதிகமாக முறிக்கும் கண்ணாடிக் கோலை, குறைவாக முறிக்கும் கண்ணாடிக் குழாய்க்குள் செருகி, இரண்டையும் சேர்த்து உருக்கி ஒரே இழையாக இழுத்துவிடுவது. பெரியவர்களுக்கு அதில் நம்பிக்கை இல்லை. 1956 டிசம்பரில் அந்த மாணவர் அதைச் செய்தே பார்த்தார். இழுத்த இழையின் முனையைக் கையில் பிடித்துக்கொண்டு நடைவழியில் வெகுதூரம் நடந்துபோன பின்பும், உலையின் செவ்வொளி அந்த முனையில் மின்னிக்கொண்டே இருந்தது. லாம் கண்ட கனவுக்கு அன்றுதான் உடல் கிடைத்தது.

சில வாரங்களுக்குள் கருவி உருவாயிற்று. 1957 பிப்ரவரியில் ஹிர்ஷோவிட்ஸ் ஒரு காரியம் செய்தார். விரல் கனமுள்ள அந்தக் குழாயைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, தொண்டையை மருந்தால் மரக்கச் செய்துகொண்டு, தாமே அதை விழுங்கினார். பிறர் தொண்டையில் செலுத்தவிருப்பதைத் தம் தொண்டையில் முதலில் செலுத்திப் பார்ப்பது வைத்தியனுடைய தர்மம் என்று அவர் கருதினார். குழாய் வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. தொண்டையின் திருப்பத்தில் அது தானாகவே திரும்பிற்று. யாரும் தலையைப் பிடித்து நிமிர்த்தவில்லை. சில நாட்களுக்குப் பின், முன்சிறுகுடலில் புண் கண்டிருந்த ஒரு பெண்மணியை அதே கருவியால் அவர் பரிசோதித்தார்.

அந்த வருஷம் மே மாதத்தில் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் கூடிய இரைப்பை நோக்கு வைத்தியர்களிடம் அதைக் காட்டியபோது, லென்ஸுக் குழாயில் கை தேர்ந்திருந்த மூத்தவர்கள் உடனே மனம் இளகிவிடவில்லை. 1960-இல் கருவி விற்பனைக்கு வந்தது. மறு வருஷம் 'லான்செட்' சஞ்சிகையில் ஹிர்ஷோவிட்ஸ், இரைப்பையை மட்டுமன்றி அதற்கப்பாலுள்ள முன்சிறுகுடலின் தொடக்கத்தையும் பார்த்த அனுபவத்தை எழுதினார். மிகுதியாகப் புண் தோன்றும் அந்த இடம் அதுவரை எக்ஸ்-கதிர் நிழலுக்கு மட்டுமே அகப்பட்டு வந்தது. அதன் பிறகு பத்தாண்டுகளுக்குள், நேராக முன்னே பார்க்கும் குழாய், விரும்பிய பக்கம் நுனியைத் திருப்பும் விசை, சந்தேகமான இடத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுக்கும் சிறு இடுக்கி எல்லாம் வந்து சேர்ந்தன. புண் என்று தோன்றுவது புற்றா அன்றா என்பதை அந்தத் துணுக்கு தீர்த்துச் சொல்லிவிடும். 1983-இல் நுனியிலேயே நுண்ணிய மின்னணுக் கண் பொருத்தப்பட்டு, கண்ணாடி இழையின் இடத்தை அது பிடித்துக்கொண்டது. ஒருவர் கண்டது அறையிலுள்ள அனைவருக்கும் திரையில் தெரியலாயிற்று.

இன்று எண்டோஸ்கோப்பி என்ற சொல் பாமரர் வாயிலும் பழகிவிட்டது. தொண்டையில் கசப்பான மருந்தைத் தெளித்துக்கொண்டு, பற்களுக்கிடையே சிறு வளையத்தைக் கடித்தபடி, இடப்பக்கமாக முழங்காலை மடக்கிப் படுக்கிற நோயாளி, "விழுங்குங்கள்" என்று வைத்தியர் சொல்ல, ஒரு மிடறு விழுங்குகிறார். குழாய் போகிறது. அந்தப் படுக்கையின் அமைப்பு ஷிண்ட்லருடைய காலத்ததே, இடப்பக்கமும் அதுவே, வெறும் வயிறும் அதுவே. மாறியிருப்பது ஒன்றுதான். அண்ணாந்து வாளை ஏற்ற அந்த ஃபிரைபர்க் வித்தைக்காரருடைய கழுத்து இனி யாருக்கும் தேவைப்படவில்லை. சாதாரண மனிதனுடைய கழுத்தே போதும். வைத்தியத்தில் அபிவிருத்தி என்று நாம் சொல்வதை அளக்க, நோயாளி எவ்வளவு குறைவாக வருந்த வேண்டியிருக்கிறது என்பதைக் காட்டிலும் நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

கிள்ளி எடுத்த துணுக்குகளைப் பற்றிச் சொன்னோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் அத்தகைய துணுக்குகளை உருப்பெருக்கியின் கீழ் உற்றுநோக்கிய ஒருவர், கிருமி எதுவும் இருக்க முடியாது என்று எல்லோரும் நினைத்த இடத்தில் சுருள்சுருளான கிருமிகளைக் கண்டார். அவருடைய இளம் நண்பரோ அந்தக் கிருமிகளைக் கரைத்துக் குடித்தார். அதனால் வயிற்றுப் புண்ணைப் பற்றிய நெடுங்கால நம்பிக்கை தலைகீழாகிய கதையை அடுத்த அத்தியாயத்தில் காண்போம்.

(தொடரும்)